புவியை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியை அளக்கும் கருவிகள் பெரும்பாலும் தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன. மழைமானி தன் வாய்க்குள் விழுந்த நீரைச் சொல்கிறது. வெப்பமானி தன் குமிழுக்குப் பட்ட வெப்பத்தைச் சொல்கிறது. செயற்கைக்கோள் தன் உணரியை வந்தடைந்த கதிர்வீச்சைப் பதிகிறது. அந்த எண்ணை எடுத்து ஒரு வட்டாரத்தின் மழை, காற்றின் வெப்பநிலை, நிலத்தின் நிலை என்று நாம் பெயர் சூட்டும் இடத்தில்தான் தவறு நுழைகிறது. எங்கே, எப்போது, எதைச் சுழியமாகக் கொண்டு, எந்தக் கருவியால், யார் கையால் அளக்கப்பட்டது என்பது கூடவே எழுதப்படாவிட்டால், அந்த எண் பாதி எண்தான்.

1922 செப்டம்பர் 13 அன்று லிபியாவின் அல் அஸீஸியா நிலையத்தில் 58 டிகிரி செல்சியஸ் எட்டியதாகக் குறிக்கப்பட்டது. உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலை என்று அந்த எண் 90 ஆண்டுகள் நிலைத்திருந்தது. பின்னர் உலக வானிலை அமைப்பின் ஆய்வுக் குழு மூலப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தபோது, அந்தப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே கையெழுத்து மாறியிருந்தது தெரிந்தது. புதிதாக வந்தவர் உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் கட்டம் மாற்றி எழுதியிருந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்ததோ வழக்கமான கருவி அல்ல. வளைந்த குழாய் கொண்ட சிக்ஸ் வகை மாற்று வெப்பமானி. அதில் பாதரசம் ஒரு சிறு குறிமுள்ளைத் தள்ளிக்கொண்டு மேலே போய், அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பும். பாதரசம் தொட்டுத் தள்ளிய முனையின் அளவைத்தான் படிக்க வேண்டும். மறுமுனையைப் படித்தால் குறிமுள்ளின் நீளமும் வெப்பநிலையில் சேர்ந்துவிடும். அந்தப் பிழை 7 டிகிரி வரை இருந்திருக்கலாம் என்று குழு கணித்தது. 2012இல் அந்தச் சாதனை நீக்கப்பட்டு, 1913இல் அமெரிக்காவின் டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி அதன் இடத்துக்கு வந்தது. அந்தப் பணியாளரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பழகாத கருவியை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தராமல் விட்டதே முதல் தவறு. இன்றும் மிகுதியாக நடப்பது இதுவே.

வெப்பமானியை வைக்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். வெண்ணிறம் பூசிய, காற்றோட்டத்துக்கு வரிச்சட்டங்கள் அமைந்த பெட்டிக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெட்டவெளியில் அது இருக்க வேண்டும் என்பது சடங்கு அல்ல. சுவரில் மாட்டிய வெப்பமானி சுவரின் சூட்டைச் சேர்த்துச் சொல்லும்; வெயில் நேரடியாகப் படும் வெப்பமானி காற்றை அளப்பதே இல்லை. இதற்கு நெருங்கிய இன்னொரு குழப்பம், தரைப்பரப்பின் வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலையோடு ஒப்பிடுவது. ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005இல் செயற்கைக்கோள் கண்டறிந்த 70.7 டிகிரி, மணலும் பாறையுமான மேற்பரப்பின் சூடு. அதை டெத் வேலியின் 56.7க்கு அருகில் வைத்துச் சாதனை முறிந்தது என்று எழுதுவது, இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே தராசில் நிறுத்துவதாகும்.

மழைமானியைப் போல எளிய கருவி வேறில்லை; அதனாலேயே அதில் அலட்சியமும் மிகுதி. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் நீர் என்ற கணக்கு யாருக்கும் புரியும். ஆனால் மானியின் வாய் மட்டம் சாய்ந்திருந்தாலோ, பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தாலோ கணக்கு சத்தமில்லாமல் பிசகிவிடும். தடை எவ்வளவு உயரமோ, குறைந்தது அதன் இரு மடங்கு தொலைவிலாவது மானி இருக்க வேண்டும். அதற்காக மொட்டை மாடியின் உச்சியில் வைப்பதும் சரியல்ல. காற்று வேகமாக அடிக்கும் இடத்தில் துளிகள் வாயைத் தாண்டிப் போய்விடுவதால் மழை குறைவாகவே பதிவாகும், பனிப்பொழிவில் இந்த இழப்பு இன்னும் பெரிது. தானியங்கி மானிகளுக்குள் ஏற்றமரம் போல மாறி மாறிச் சாயும் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். கொட்டும் மழையில் ஒரு கிண்ணம் சாய்ந்து மறு கிண்ணம் நேராகும் இடைவெளியில் நீர் கணக்கில் வராமல் போவதால், உச்ச மழையில்தான் இவை குறைத்துச் சொல்கின்றன. புனலில் ஓர் இலையோ சிலந்தி வலையோ அடைத்துக்கொண்டால், மழை நின்று வானம் வெளுத்த பிறகும் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, மணிக்கணக்கில் தூறல் பெய்தது போன்ற பதிவை உண்டாக்கும். பதிவேட்டில் அப்படி ஒரு நீண்ட, ஒரே சீரான தூறலைக் கண்டால், முதலில் புனலைத் திறந்து பாருங்கள்.

இதைவிடப் பெரிய தீங்கு பதிவேட்டில் நடக்கிறது. மழையே இல்லை என்பதற்கு 0 எழுத வேண்டும். அளக்கவில்லை என்றால் அளக்கவில்லை என்றே எழுத வேண்டும். இரண்டுக்கும் 0 போட்டால், பல ஆண்டுகள் கழித்து அதைக் கையில் எடுப்பவருக்கு இல்லாத வறட்சி ஒன்று தென்படும். விடுமுறையில் மூன்று நாள் தேங்கிய நீரை நான்காம் நாள் அளந்து ஒரே நாள் மழையாக எழுதினால், பெய்யாத பெருமழை ஒன்று வரலாற்றில் ஏறிவிடும். கருவியின் பிழையை மறுசோதனையில் திருத்திவிடலாம். எழுதாமல் விட்ட குறிப்பைப் பின்னால் யாராலும் மீட்க முடியாது.

உயரத்தை அளக்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, சுழியம் எது என்பது. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே ரைன் ஆற்றின் மேல் லாஃபன்பர்க்கில் பாலம் கட்டியபோது, ஜெர்மனி ஆம்ஸ்டர்டாமின் கடல்மட்டத்தையும் சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலின் மட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டிருந்தன. இரண்டுக்கும் இடையில் 27 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். அதற்கான திருத்தமும் கணக்கில் சேர்க்கப்பட்டது. ஆனால் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டப்பட்டதால், 27 மறைவதற்குப் பதிலாக 54 ஆனது. திருத்தம் செய்தோம் என்ற நிம்மதியே அந்தத் தவறை மூடி மறைத்திருக்க வேண்டும். எந்தத் திருத்தத்தையும் சேர்த்தபின், உயரம் தெரிந்த ஒரு புள்ளியில் வைத்து, விடை சரியான திசையில் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஜிபிஎஸ் காட்டும் உயரத்திலும் இதே சிக்கல் உண்டு. அது அடிப்படையில் கணிப்பது, கணித முறையில் வரையறுத்த நீள்கோள வடிவத்திலிருந்து உள்ள உயரம். உண்மையான கடல்மட்டமோ புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இந்தியாவுக்குத் தெற்கே அந்த வடிவத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழேயும், நியூ கினி அருகே ஏறத்தாழ 85 மீட்டர் மேலேயும் அது அமைந்திருக்கிறது. கருவி இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்து காட்டுகிறதா, இல்லையா என்று அறியாமல் அதன் உயரத்தை வரைபடத்தில் ஏற்றக் கூடாது.

கரையோரக் கடல்மட்ட மானி கடலை மட்டும் அளப்பதில்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். அது நிற்கும் நிலமும் நகர்கிறது. பனியுகத்தில் பனிப்பாளத்தின் பாரத்தால் அமிழ்ந்திருந்த ஸ்டாக்ஹோம் பகுதி இன்றும் எழும்பிக்கொண்டிருப்பதால், அங்கே கடல் இறங்குவது போலத் தெரிகிறது. மணிலாவில் நிலத்தடி நீரை உறிஞ்சி நிலம் அமிழ்வதால், கடல் மிக வேகமாக உயர்வது போலத் தெரிகிறது. ஒரே ஒரு மானியின் வரைகோட்டைக் காட்டி உலகக் கடல்மட்டத்தைப் பற்றி முடிவு சொல்பவரை, அவர் எந்தப் பக்கம் பேசினாலும், நம்ப வேண்டியதில்லை.

நிலநடுக்கத்தின் அளவு 6இலிருந்து 7 ஆனால், அலையின் வீச்சு 10 மடங்கும் வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கும் கூடும். இதை ஒரு படி என்று எண்ணுவது பரவலான தவறு. முதல் நிமிடங்களின் மதிப்பீட்டை இறுதி எண்ணாகக் கொள்வது அதைவிட ஆபத்தானது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் முதலில் கணிக்கப்பட்ட அளவு 7.9; பின்னர் உறுதியானது 9.0. விரைவுக் கணிப்பு முறை மிகப் பெரிய நடுக்கங்களில் ஒரு வரம்புக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். அதனால் முதல் சுனாமி எச்சரிக்கையும், வரவிருந்த அலையின் உயரத்தைக் குறைத்தே கூறியது.

நீண்ட காலக் கண்காணிப்பில், கருவியையோ முறையையோ மாற்றிய தடம் இயற்கையின் மாற்றமாகத் தோற்றமளிக்கும். 1945இல் உலகக் கடற்பரப்பின் வெப்பநிலை திடீரென விழுந்தது போல ஆவணங்கள் காட்டின. போர் முடிந்ததும் தரவு தந்த கப்பல்களின் கலவை மாறியதே காரணம் என்று 2008இல்தான் தெளிவானது: அமெரிக்கக் கப்பல்கள் இயந்திரத்துக்குள் இழுக்கும் நீரை அளந்தன, பிரிட்டன் கப்பல்கள் வாளியில் மொண்ட நீரை அளந்தன, வாளி நீரோ ஆவியாகிச் சற்றுக் குளிர்ந்திருந்தது. பழைய கருவியை எடுத்துவிட்டு மறுநாளே புதியதை வைப்பதற்குப் பதிலாக, எல்லாப் பருவங்களையும் தொடும்படி ஓராண்டாவது இரண்டையும் அருகருகே இயக்கினால் இந்தக் குழப்பம் வராது.

எதிர்பாராத அளவு வந்தால் என்ன செய்வது என்பதிலும் ஒரு தவறு காத்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில், வசந்தகால ஓசோன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தது. அதே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செயற்கைக்கோள் தரவில், 180 டாப்சன் அலகுக்கு (ஓசோனின் அளவைக் குறிக்கும் அலகு) கீழான அளவுகள் ஐயத்துக்குரியவை என்ற குறியோடு ஒதுக்கி வைக்கப்பட்டன. அவை அழிக்கப்பட்டன என்று பலர் எழுதுவது சரியல்ல. ஹாலியில் அளந்தவர்களுக்கும் தங்கள் பழைய கருவியின் மீது ஐயம் எழுந்தது. ஆனால் அவர்கள் எண்ணை ஒதுக்கவுமில்லை, உடனே அறிவிக்கவுமில்லை. வேறொரு கருவியைக் கொண்டுசென்று வைத்து, அதுவும் அதே குறைவைக் காட்டிய பிறகே, 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் முடிவை வெளியிட்டனர். செயற்கைக்கோளின் ஒதுக்கிய தரவை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, அந்தக் குறைவு அங்கேயும் பதிவாகியிருந்தது.