புறநோயாளர் பிரிவின் ஒருநாள் செலவு: எக்செலில் 1,000 முறை ஓட்டிப் பார்ப்போம்

30 பேர், ஆளுக்குச் சராசரி 8 நிமிடம், ஆக 4 மணி நேரம். 9 மணிக்குத் தொடங்கினால் 1 மணிக்கு முடிந்துவிடும். காகிதத்தில் சரி. ஆனால் 1 மணிக்கு வராந்தாவில் போய்ப் பாருங்கள், பெஞ்சில் இன்னும் நாலைந்து பேர் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். சராசரிக் கணக்கில் விடுபடும் செலவு அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு நிமிடத்தின் விலை. 2004-இல் காப்லான், ஆண்டர்சன் என்ற இரு செலவுக் கணக்கியல் வல்லுநர்கள் முன்வைத்த வழி எளிது: சம்பளத்தை, உண்மையில் வேலைக்குக் கிடைக்கும் நிமிடங்களால் வகுக்க வேண்டும். மாதம் 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 12,000 நிமிடம். ஓய்வு, கூட்டம் போக 80 சதவீதம் என்று வைத்தால் 9,600. உதாரணத்துக்கு, மருத்துவருக்கு 1,20,000 ரூபாய் சம்பளம் என்றால் நிமிடம் 12.50 ரூபாய். உடனிருக்கும் செவிலியருக்கு 28,800 என்றால் 3 ரூபாய்.

அடுத்து, ஒரு காலைப் பொழுது கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியும் மருத்துவர் அறைக்குள் இருந்த நேரத்தைக் குறியுங்கள். 4, 6, 15, 5 என்று தாறுமாறாக வரும். அதை அப்படியே ஒரு நெடுவரிசையில் இடுங்கள். 'ராண்ட்பிட்வீன்', 'இண்டெக்ஸ்' என்ற இரண்டு சூத்திரங்களையும் சேர்த்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் அதிலிருந்து ஒரு நேரத்தை எக்செல் குலுக்கி எடுத்துத் தரும்.

இப்போது முக்கியமான வரி. 8 நிமிடத்துக்கு ஒருவராக வருகை நேரம் கொடுங்கள். ஒருவர் உள்ளே போகும் நேரம் என்பது அவர் வந்த நேரம், முந்தையவர் முடித்த நேரம் இரண்டில் எது பிந்தியதோ அது, 'மேக்ஸ்' போதும். 15 நிமிடம் எடுத்தவர் பின்னால் இருப்பவர்களையெல்லாம் தள்ளிவிடுகிறார். 4 நிமிடத்தில் ஒருவர் முடித்தாலோ, அடுத்தவர் வந்திருக்கவே மாட்டார்; மிச்சமான நேரம் கையில் நிற்காது. அதனால்தான் தாமதம் ஏறிக்கொண்டே போகிறது.

1 மணிக்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், மருத்துவர், செவிலியர் இருவருக்கும் சேர்த்து 15.50 ரூபாய் போடுங்கள். 40 நிமிடம் என்றால் 620 ரூபாய்.

அப்புறம், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தரும் 'டேட்டா டேபிள்' வசதி வழியாக அந்த நாளை 1,000 முறை ஓட்டுங்கள். சராசரியோடு நிறுத்தாமல் 'பெர்சென்டைல்' 0.9-ஐயும் எடுங்கள்: பத்தில் ஒன்பது நாள் அந்தத் தொகைக்குள் அடங்கும். பட்ஜெட்டுக்கு நான் எடுப்பது அதைத்தான்.

கணினி கைக்கு வராத 1952-லேயே, இங்கிலாந்தில் புள்ளியியலாளர் நார்மன் பெய்லி குலுக்கல் எண்களை வைத்து இதே வரிசையை ஆராய்ந்தார். தொடக்கத்தில் இரண்டு பேரை ஒன்றாக வரச்சொல்வது அவர் சொன்ன வழி. உங்கள் தாளில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், அதையும் பார்த்துவிடலாம். பார்க்கும்போது, காத்திருப்பு நிமிடங்களுக்குத் தனியாக ஒரு நெடுவரிசை போடுங்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரின் செலவு மருத்துவமனைக் கணக்கில் வராது.