மேயும் குட்டைப் பன்றி: ஆசைப்படுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் பன்றி வளர்க்க வழியில்லை. பொங்கோல் பக்கம் இருந்த பண்ணைகளை மூட அரசு 1984இல் முடிவெடுத்தது. இப்போது அங்கே வீவக அடுக்குமாடி புளோக்குகள்தான் நிற்கின்றன. வீட்டில் செல்லமாக வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட விலங்குகளிலும் பன்றி கிடையாது. ஆனாலும் ஆசை விடுவதாக இல்லை. ஊரில் தோப்பு வாங்கிப் போட்டவர்களும், நியூசிலாந்தில் ரெண்டு ஏக்கரோடு குடியேறிய சொந்தக்காரர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று கணக்குப் போடுபவர்களும் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். கைப்பேசியில் குனேகுனே என்ற குட்டை இனப் பன்றி ஒன்று பச்சைப் புல்லில் மேய்வதைப் பார்த்ததும், “தீவனச் செலவில்லை, மண்ணைக் கிளறாது, சின்னதாகவே இருக்கும்” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை முழுசாக நம்புவதிலிருந்துதான் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில் அந்த “சின்னது.” குனேகுனே நியூசிலாந்தில் 1970களில் கிட்டத்தட்ட அற்றுப்போய், எஞ்சியவற்றைத் தேடிப் பிடித்து மீட்டெடுத்த இனம். இரண்டடி உயரத்தோடு நின்றுவிடும், ஆனால் வளர்ந்த பன்றி 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். 250 கிலோ, 300 கிலோ போகும் வெண்பன்றியோடு ஒப்பிட்டால் அது சின்னதுதான். உங்கள் மடியோடு ஒப்பிட்டால் இல்லை. விற்பவர் தாய் தகப்பனைக் காட்டினால் அவற்றின் வயதைக் கேளுங்கள். பன்றி ஒரு வயதுக்குள்ளேயே குட்டி போட்டுவிடும், உடம்பு வளர்வது நிற்க மூன்று வயதுகூட ஆகலாம். நீங்கள் பார்த்த “முழு வளர்ச்சி அடைந்த” தாய், அப்போது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையாக இருக்கலாம். தமிழ்நாட்டில் யாராவது “ஒரிஜினல் குனேகுனே” என்று குட்டி விற்றால், இறக்குமதிப் பத்திரத்தைக் கேட்காமல் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

அடுத்தது புல். மாட்டுக்கு நாலு அறை வயிறு. பன்றிக்கு நம்மைப் போல ஒன்றுதான். நாரைச் செரிக்கும் வேலை குடலின் கடைசிப் பகுதியில்தான் நடக்கிறது. குனேகுனேவுக்கு மூக்கு குட்டை, மேய்வதில் விருப்பம் அதிகம். குளிர்நாட்டின் இளம்புல்லும் குளோவர் என்ற தீவனச் செடியும் கலந்த நிலத்தில் அதன் தேவையில் பெரும்பங்கு மேய்ச்சலிலேயே கிடைத்துவிடும். அதே நம்பிக்கையில் தஞ்சாவூர் வெயிலில் முற்றிப்போன கோ-4 தீவனப்புல்லை வெட்டிப் போட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. நம் பக்கத்துக்கு வேலிமசால், தட்டைப்பயறுக் கொடி, சர்க்கரைவள்ளிக் கொடி மாதிரி புரதமுள்ள பசுந்தீவனம் வேண்டும். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அதோடு புண்ணாக்கு கலந்த அடர்தீவனமும் தேவை. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பாவம் பசிக்குமே என்று தவிட்டையும் சோற்றையும் அள்ளிக் கொட்டுவது. குட்டை இனங்கள் சீக்கிரம் கொழுத்துவிடும். முகத்துக் கொழுப்பு கண்ணை மூடி, பார்வையே தெரியாமல் தடுமாறுகிற பன்றிகள் உண்டு.

இறைச்சிக்காக வளர்ப்பவர்கள் காலக்கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். பண்ணை வெண்பன்றி ஆறு மாதத்தில் விற்பனைக்குத் தயார். குனேகுனேவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், கிடைப்பதிலும் கொழுப்பு அதிகம்.

சரி, மிச்சச் சாப்பாடு? பன்றி என்றாலே எச்சில் சோறுதானே என்பது பழைய நினைப்பு. 2001இல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்லவைத்த கோமாரி நோய், உணவுக் கழிவைச் சரியாக வேகவைக்காமல் போட்ட ஒரு பன்றிப் பண்ணையில்தான் தொடங்கியது. அதன்பின் அங்கே வீட்டுச் சமையலறைக் கழிவைக்கூடப் பன்றிக்குப் போடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் இறைச்சி கலந்த கழிவுக்கு முழுத் தடை. நியூசிலாந்தில் அதை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தால்தான் அனுமதி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு இது இன்னும் தீவிரமாகிவிட்டது. மனிதருக்குத் தொற்றாத அந்த நோய்க்கு மருந்தில்லை, வந்தால் மந்தையே போகும், பதப்படுத்திய இறைச்சியிலும் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். 2023இல் சிங்கப்பூர்க் காட்டுப்பன்றியிலும் அது தென்பட்டது; அதே ஆண்டு இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து வந்த பன்றிகளிலும் கண்டுபிடித்து இறக்குமதியை நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் முதுமலைக் காட்டுப்பன்றிகளும் அதே காலத்தில் அந்த நோயால் செத்தன. ஊரில் ஹோட்டல் கழிவு சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதற்கு விலை பின்னால் வரும்.

நான் பெரிதாக நினைக்கும் தவறு, குளிர்நாட்டுக் காட்டைப் பார்த்துவிட்டு அதையே நம் தோப்பில் செய்யப் போவது. ஓக் மரத்தடியில் கொட்டைகளைப் பொறுக்கித் தின்னும் பன்றியைப் பார்த்து, “நம்மிடம் மாந்தோப்பு இருக்கிறதே” என்று தோன்றுவது இயற்கை. ஆனால் மலேசியாவில் 1998இல் நிப்பா நோய் கிளம்பியது இப்படி ஓர் இடத்தில்தான். ஈப்போ பக்கத்துப் பண்ணையில் பன்றிக் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள். பழந்தின்னி வௌவால்கள் பாதி கடித்துப் போட்ட பழங்கள் கீழே விழ, கிருமி பன்றிக்கும் பன்றியிலிருந்து ஆளுக்கும் வந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேலான பன்றிகள் கொல்லப்பட்டன. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் உயிரிழந்தார். இந்த வௌவால்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, பக்கத்துக் கேரளத்தில் 2018 முதல் நிப்பா திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் மா, கொய்யா, சப்போட்டா மரங்களுக்கடியில் பன்றியை மேயவிடாதீர்கள். நிழல் வேண்டுமென்றால் பழம் இல்லாத மரத்தடி இருக்கிறது, கூரை போட்ட கொட்டகை இருக்கிறது.

குளிர்நாட்டுக் காட்டிலும் இஷ்டத்துக்கு விடுவதில்லை. ஸ்பெயினின் ஓக் காடுகளில் இபேரியப் பன்றிகளைக் கொட்டை விழும் சில மாதங்கள்தான் விடுவார்கள். அங்குள்ள சட்டப்படி ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, அதிகபட்சம் 1.25 பன்றி. அரை ஏக்கர் மரக்கூட்டத்தில் பத்தை அடைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் சேறுதான் மிஞ்சும். வேர் வெளியே வரும், பட்டை உரியும். மண்ணைக் கிளறாது என்ற பேச்செல்லாம் காய்ந்த நிலத்தில்தான். மண் ஊறிவிட்டால் குனேகுனேவும் மூஞ்சியை உள்ளே விடும். நிலத்தைப் பகுதிபகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும் என்பதால் மாற்றி விட்டாலும் குடற்புழு மருந்தை மறக்க முடியாது. ஆட்கள் வெளிக்குப் போகும் இடத்துப் பக்கம் பன்றி போகவே கூடாது. நாடாப்புழு அந்த வழியாகத்தான் சுற்றி வந்து கடைசியில் மனித மூளை வரை போகிறது. விடும் முன் அரளி, ஆமணக்கு, பச்சை மரவள்ளி இலை மாதிரி விஷச் செடிகள் இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

வேலிக்கு மின்கம்பி நல்லதுதான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் முழங்கால் அளவில் ஒன்று போதும். ஆனால் புதிய பன்றியை நேராக அதற்குள் விடாதீர்கள். கம்பியில் முதல் ஷாக் அடித்ததும் அது பின்வாங்காமல் முன்னால் பாயும். பின்னால் கெட்டித் தடுப்புள்ள சின்ன அடைப்பில் சில நாள் கம்பியைப் பழக்க வேண்டும். துடிப்பு மின்சாரம் தரும் கருவி இல்லாமல் வீட்டு லைனை அப்படியே கம்பியில் கொடுப்பது குற்றம், ஆளைக் கொல்லும். ஊரில் அடிக்கடி நடக்கிற சாவு அது.

தண்ணீர் ஒருவேளைகூட வற்றக் கூடாது. பன்றிக்கு வியர்ப்பது அரிது, சேறும் நிழலும்தான் அதன் ஏர்கான். தண்ணீர் தீர்ந்துபோனால் உப்பு மூளையைத் தாக்கி வலிப்பே வந்துவிடும். ஒற்றையாக வளர்க்காதீர்கள், குறைந்தது இரண்டு வேண்டும். அண்ணன் தங்கையாக ஒரு ஜோடி வாங்கி வைத்தால், ஐந்தாறு மாதத்தில் தங்கை சினையாகியிருக்கும்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே வளர்ப்பவர்களுக்கு. பன்றியைத் தினமும் ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தீனியை விட்டு ஒதுங்கி நிற்கும் முதல் பன்றியைப் பார்ப்பவர்தான் மந்தையைக் காப்பாற்றுகிறவர். அப்படி ஓர் ஆள் கிடைக்காவிட்டால் ஆரம்பிக்காதீர்கள், ஆடே போதும். போய் வரும்போது பண்ணைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வெட்டிய பன்றிக்கறியைப் பெட்டியில் வைத்து சாங்கிக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. வறுத்து டப்பாவில் போட்டாலும் இல்லை.