குரங்குக்கு இதயப் பரிசோதனை: எங்கே தவறுகிறோம்?

கூண்டில் வளரும் சிம்பன்சி, கொரில்லாக்களின் சாவுக்கு முக்கியக் காரணம் இதய நோய். ஆனால் நமக்கு வருகிற மாதிரி ரத்தக்குழாய் அடைப்பு அவற்றுக்கு அரிது. இதயத் தசைக்குள் நார்த்திசு படிந்து, துடிப்பின் ஒழுங்கு கெட்டு, நேற்றுவரை நன்றாக இருந்தது திடீரென்று செத்துக் கிடக்கும். கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு 'இதயம் நன்று' என்று எழுதுவது முதல் தவறு.

புதுச்சேரி, கடலூர் பக்கம் சிம்பன்சிக்கு எங்கே போவது? மீட்டு வந்து அடைத்து வைத்த நாட்டுக் குரங்குதான் நம் மேசைக்கு வரும். குருமாம்பேட் கால்நடைக் கல்லூரியில் நாயிலும் மாட்டிலும் பழகிய கைக்கு, குரங்கிடம் பெரிய சிக்கல் மயக்க ஊசிதான். மெடிடோமிடின் போட்டால் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும், துடிப்பு குறையும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் இடது கீழறை மந்தமாகச் சுருங்கும். வால்வில் கசிவுகூடத் தெரியலாம். நல்ல இதயத்துக்கே இந்தக் கதி. கெட்டமின் நேர்மாறு: துடிப்பைக் கூட்டி, பலவீனத்தை மறைத்துவிடும். முகரவைக்கும் மயக்க மருந்தான ஐசோஃப்ளுரேன் அழுத்தத்தை இறக்கும். என்ன மருந்து, எவ்வளவு, ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்து எடுத்தது என்று எழுதாத எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதே மருந்தும் அதே அளவும் வேண்டும்.

சரி, மயக்காமல் பிடித்து அமுக்கிப் பார்க்கலாமா? பயத்திலேயே நிமிடத்துக்கு 200-க்கு மேல் துடிக்கும், அது நோயல்ல. சில வெளிநாட்டுப் பூங்காக்களில் கொரில்லாவைப் பழக்கி, கம்பி வலையில் மார்பை ஒட்டிக் காட்டவைத்தே எக்கோ எடுக்கிறார்கள். அதற்குப் பொறுமையுள்ள பராமரிப்பாளர் வேண்டும்.

ரத்த அழுத்தப் பட்டையின் அகலம் கையின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். சின்னப் பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். கை மேசைக்குக் கீழே தொங்கினாலும் அப்படியே. எக்ஸ்ரேயை மூச்சை வெளியே விட்ட நேரத்தில் எடுத்தால் சாதாரண இதயமும் பெருத்துத் தெரியும். ஈசிஜி ஒழுங்காக இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் ரத்தசோகையையும் பாருங்கள். குடற்புழு மலிந்த குரங்குகளில் அதுவே காரணமாக இருக்கலாம்.

'வயசாச்சு, அதான் உட்கார்ந்தே இருக்கு' என்று பராமரிப்பாளர் சொன்னால் அதோடு விடாதீர்கள். எப்போதிலிருந்து, மேலே ஏறுவதை நிறுத்தியது எப்போது என்று கேளுங்கள்.

செத்துவிட்டால் போஸ்ட்மார்ட்டத்தில் ஒரே ஒரு துண்டை வெட்டி அனுப்புவது கடைசித் தவறு. நார்த்திசு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். இரண்டு கீழறைகள், நடுச்சுவர் எல்லாவற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். எடை போடும் முன் உள்ளே உறைந்த ரத்தத்தைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பெருத்த இதயம் என்று எழுதிவிடுவோம்.