ஃபைலை இறக்காமலே க்வெரி போடலாம்: எஸ்கியூஎல் சர்வரும் அஷூர் ப்ளாப் ஸ்டோரேஜும்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை, தாம்பரத்திலும் வேளச்சேரியிலும் கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பில்லிங் முடிந்ததும் அன்றைய விற்பனை பார்க்கெட் (அட்டவணை டேட்டாவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு வகை) ஃபைலாக அஷூர் ப்ளாப் ஸ்டோரேஜுக்கு (மைக்ரோசாஃப்டின் க்ளவுட் ஃபைல் சேமிப்பு) போய்விடும். வாடிக்கையாளர் விவரம் மட்டும் ஆபீஸில் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் இருக்கிறது. "ஆடித் தள்ளுபடிக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் தீபாவளிக்கும் வந்தாங்க?" என்று முதலாளி கேட்டால், ஃபைலை எல்லாம் இறக்கி, டேபிள் உருவாக்கி, லோட் பண்ணி முடிப்பதற்குள் அவர் மூன்று தடவை போன் பண்ணிவிடுவார். அதெல்லாம் வேண்டாம், ஃபைல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நாம் இங்கிருந்தே செலக்ட் (டேட்டாவைக் கேட்டு வாங்கும் கமாண்டு) போடலாம்.

தேவையானது எஸ்கியூஎல் சர்வர் 2022. 2017லேயே ப்ளாப்பில் இருக்கும் சிஎஸ்வியைப் படிக்க வழி வந்துவிட்டது என்றாலும் பார்க்கெட்டை நேரடியாகப் படிக்க 2022 வேண்டும். கற்றுக்கொள்ள டெவலப்பர் எடிஷன் போதும், காசு கிடையாது. ஸ்டோரேஜ் அக்கவுண்டை உருவாக்கும்போது ரீஜன் கேட்கும். சவுத் இந்தியா என்பது நம்ம சென்னைதான். கமாண்டுகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், எடிட்டரில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். கன்டெய்னர் (ஸ்டோரேஜில் ஃபைல்களைப் போட்டு வைக்கும் பெட்டி) பெயரும் ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், ஹைஃபன் தவிர எதையும் ஏற்காது.

படி 1: பாலிபேஸ்

வெளியே இருக்கும் ஃபைலை எஸ்கியூஎல் சர்வரிலிருந்தே படிக்க உதவும் பகுதிதான் பாலிபேஸ். இன்ஸ்டால் செய்யும்போதே பாலிபேஸ் க்வெரி சர்வீஸை டிக் பண்ணியிருக்க வேண்டும். விட்டிருந்தால் செட்டப்பைத் திரும்ப ஓட்டி அதை மட்டும் சேர்க்கலாம். அப்புறம் எஸ்பி_கான்ஃபிகர் மூலம் 'பாலிபேஸ் எனேபிள்ட்' என்பதை 1 ஆக்கி, ரீகான்ஃபிகர் ஓட்டுங்கள்.

படி 2: எஸ்ஏஎஸ் டோக்கன்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அஷூர் போர்ட்டலில் உங்கள் கன்டெய்னருக்கு ஷேர்ட் ஆக்சஸ் சிக்னேச்சர் (சுருக்கமாக எஸ்ஏஎஸ், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு) ஒன்று உருவாக்க வேண்டும். அனுமதியில் ரீட், லிஸ்ட் இரண்டையும் கொடுங்கள். ரீட் மட்டும் கொடுத்தால் ஒற்றை ஃபைல் வேண்டுமானால் வரும், ஃபோல்டர் முழுக்கப் படிக்கச் சொன்னால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லாமல் நின்றுவிடும். ரைட், டெலீட் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது நேரம். டோக்கனுக்குள் நேரம் யூடிசியில்தான் (உலகப் பொது நேரம்) பதிவாகும், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். கையிலிருக்கும் கடிகாரத்தைப் பார்த்து காலை 10 மணி என்று யூடிசி கட்டத்தில் போட்டால், அந்த டோக்கன் மதியம் மூன்றரைக்குத்தான் உயிர் பெறும். அதுவரை 403 (அனுமதி இல்லை) பிழைதான். நேர மண்டலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, ஆரம்ப நேரத்தை இப்போதைய நேரத்துக்குக் கால் மணி நேரம் முந்தியதாக வையுங்கள். காப்பி செய்த டோக்கனின் முதல் எழுத்து கேள்விக்குறியாக இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

படி 3: சாவியும் முகவரியும்

உங்கள் டேட்டாபேஸில் மூன்று கமாண்டுகளை இதே வரிசையில் ஓட்ட வேண்டும். முதலில் கிரியேட் மாஸ்டர் கீ, அதற்கு ஒரு வலுவான பாஸ்வேர்ட். அடுத்து கிரியேட் டேட்டாபேஸ் ஸ்கோப்ட் கிரெடென்ஷியல்: இதில் ஐடென்டிட்டி என்ற இடத்தில் உங்கள் பெயரையோ அக்கவுண்ட் பெயரையோ போடக்கூடாது, 'ஷேர்ட் ஆக்சஸ் சிக்னேச்சர்' என்ற மூன்று சொற்களையே அப்படியே போட வேண்டும், சீக்ரெட்டில் டோக்கன். கடைசியாகக் கிரியேட் எக்ஸ்டர்னல் டேட்டா சோர்ஸ் (பெயர் 'கடை_ப்ளாப்' என்று வைத்துக்கொள்வோம்), இதன் லொகேஷன் ஏபிஎஸ்:// என்று தொடங்கி கன்டெய்னர் பெயர், ஒரு @ குறி, அக்கவுண்ட் பெயர், .ப்ளாப்.கோர்.விண்டோஸ்.நெட் என்று முடியும். பழைய பதிவுகளில் டபிள்யூஏஎஸ்பிஎஸ் என்று இருக்கும், 2022க்கு அது வேண்டாம்.

படி 4: செலக்ட்

செலக்ட் டாப் 10 *
ஃப்ரம் ஓபன்ரோசெட் (
பல்க் 'சேல்ஸ்/2024/07/*.பார்க்கெட்',
ஃபார்மேட் = 'பார்க்கெட்',
டேட்டா_சோர்ஸ் = 'கடை_ப்ளாப்'
) ஆஸ் வி

பத்து வரி வந்துவிட்டதா? சரி, பாதிக்கு மேல் முடிந்தது. நெடுவரிசையின் பெயர், டைப் எல்லாம் பார்க்கெட் ஃபைலுக்குள்ளேயே இருப்பதால் நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொருளின் பெயர் தமிழில் இருந்து அது கேள்விக்குறிகளாகவோ குப்பையாகவோ வந்தால், வித் பகுதியில் அந்த நெடுவரிசையை வார்கேர் (எழுத்து வகை) என்று நீங்களே எழுதி, யூடிஎஃப்8 என்று முடியும் கொலேஷன் (எழுத்துகளைக் கையாளும் விதி) ஒன்றைக் கொடுங்கள். எழுத்து நீளத்தையும் அப்போதே அளவாக வையுங்கள், தானாக விட்டால் தாராளமாக ஊகித்துக்கொள்ளும்.

இனி ஜாயின் வழக்கம்போல்தான். ஆடி விற்பனையையும் தீபாவளி விற்பனையையும் இப்படிப் படித்து, வாடிக்கையாளர் டேபிளுடன் மொபைல் எண்ணை வைத்து இணைத்தால் முதலாளிக்குப் பதில் கிடைத்துவிடும்.

படி 5: தேவையான ஃபோல்டரை மட்டும் படிக்க

ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடியும், அதனால் ஆடி விற்பனைக்கு இரண்டு மாத ஃபோல்டர் போதும் (தீபாவளிக்கும் இதே மாதிரி அந்த மாத ஃபோல்டரைச் சொல்லிக்கொள்ளுங்கள்). பாதையை 'சேல்ஸ்/*/*/*.பார்க்கெட்' என்று எழுதி, வேர் பகுதியில் வி.ஃபைல்பாத்(1) = '2024' என்றும் வி.ஃபைல்பாத்(2) இன் ('07', '08') என்றும் போடுங்கள். அடைப்பிலுள்ள எண் எத்தனையாவது நட்சத்திரம் என்பதைக் குறிக்கிறது. தேதி நெடுவரிசையில் மட்டும் வடிகட்டினால் எந்த ஃபோல்டரில் எந்த மாதம் இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது. இப்படிச் சொன்னால்தான் மற்ற ஃபோல்டர்களைத் தொடாமல் விடும். உங்கள் சர்வர் ஆபீஸில் இருக்கிறது, அஷூரிலிருந்து வெளியே வரும் டேட்டாவுக்கு இலவச அளவு தாண்டினால் கட்டணம் உண்டு என்பதால் இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

ஓபன்ரோசெட்டை ஒவ்வொரு முறையும் எழுத அலுப்பாக இருந்தால் கிரியேட் எக்ஸ்டர்னல் ஃபைல் ஃபார்மேட், கிரியேட் எக்ஸ்டர்னல் டேபிள் இரண்டையும் ஒருமுறை ஓட்டிவிட்டு, சாதாரண டேபிள் மாதிரி பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அப்டேட், டெலீட் எல்லாம் அதில் நடக்காது. பழைய ஃபைல்களை யாராவது ஆர்க்கைவ் அடுக்குக்கு (அடிக்கடி தேவைப்படாததை ஒதுக்கி வைக்கும் இடம்) மாற்றியிருந்தாலும் படிக்க முடியாது, திரும்ப ஹாட்டுக்கோ கூலுக்கோ கொண்டுவர வேண்டும், அதற்கு 15 மணி நேரம் வரை ஆகலாம்.

என்னைக் கேட்டால், எப்போதாவது கேட்கும் கேள்விக்கு இந்த வழி அருமை. மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் டேஷ்போர்டுக்கு வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஃபைலை மறுபடி போய்ப் படிக்கும். அந்த மாதிரி வேலைக்கு இதே செலக்ட்டை வைத்து ஒரு உள்ளூர் டேபிளில் இன்சர்ட் செய்துகொள்ளுங்கள்.

டோக்கன் காலாவதியானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஆல்டர் டேட்டாபேஸ் ஸ்கோப்ட் கிரெடென்ஷியல் ஓட்டி, ஐடென்டிட்டியை அப்படியே வைத்து, புது டோக்கனைச் சீக்ரெட்டில் போட்டால் போதும்.