வாகிட்டா படம் வந்தால் பகிரும் முன் இதையெல்லாம் பாருங்கள்

"உலகிலேயே மிக அரிய கடல் பாலூட்டி, பத்தே பத்துதான் மிச்சம்" என்று ஒரு படம் போனுக்கு வந்தால் முதலில் மூஞ்சியைப் பாருங்கள். வாகிட்டா ஒரு கடல்பன்றி, அதாவது டால்பினுக்குச் சொந்தக்கார விலங்கு, ஆனால் டால்பின் மாதிரி நீண்ட மூக்கு அதற்குக் கிடையாது. மொத்தையான முகம், கண்ணைச் சுற்றி மை அப்பியதுபோல் கறுப்பு வளையம், உதட்டிலும் அதே கறுப்பு. மூக்கு நீண்டிருந்தால் வேறு எதையும் பார்க்கவே வேண்டாம், அது வாகிட்டா இல்லை.

அடுத்து முதுகுத் துடுப்பு. வளர்ந்த வாகிட்டாவே ஒன்றரை மீட்டர், 50 கிலோ அளவுதான், அந்தச் சின்ன உடம்புக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும் உயரமான முக்கோணத் துடுப்பு. படகோடு போட்டி போட்டுத் துள்ளுகிற வீடியோவா? டால்பினாகத்தான் இருக்கும், வாகிட்டா படகுச் சத்தம் கேட்டாலே விலகிப் போகும்.

சரி, இடம். மெக்சிகோவில் கலிஃபோர்னியா வளைகுடாவின் வட முனை, சான் ஃபெலிப்பே ஊரை ஒட்டிய கடல், அங்கே மட்டும்தான் இது உண்டு. மீன்காட்சியகத்தில் எடுத்தது என்றால் பொய். 2017-ல் பிடித்து வளர்த்துக் காப்பாற்றலாம் என்று முயன்றார்கள். பிடித்த இரண்டில் இளசு மிரண்டதால் திரும்ப விட்டார்கள், பெரிய பெண் விலங்கு சில மணி நேரத்திலேயே செத்துப்போனது, முயற்சியும் அதோடு நின்றது.

எண்ணிக்கை போட்டிருந்தால் எந்த வருடக் கணக்கு என்று தேடுங்கள், வருடம் இல்லாத எண்ணை நம்பாதீர்கள். 1997-ல் 570 அளவில் இருந்தது, 2016-ல் சுமார் 30, 2023 கணக்கெடுப்பில் கண்ணில் பட்டவை 10 முதல் 13.

"வேட்டையாடி அழிக்கிறார்கள்" என்பதும் தப்பு. இதை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. நம்ம கத்தாளை இனத்தைச் சேர்ந்த டொடோவாபா என்ற பெரிய மீனுக்குச் சீனாவில் கள்ளச்சந்தை இருக்கிறது, அதன் காற்றுப்பைக்கு அங்கே கொள்ளை விலை. அந்த மீனுக்காகத் திருட்டுத்தனமாகப் போடும் செவுள் வலையில் (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி கடலில் சுவர்போல் விரிக்கும் வலை) வாகிட்டா சிக்கிக்கொள்ளும், மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். 2022 முதல் மெக்சிகோ கடற்படை அங்கே கொக்கி வைத்த கான்கிரீட் கட்டைகளைக் கடலடியில் இறக்கியிருக்கிறது. வலை போட்டால் கொக்கியில் மாட்டும்.

"இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று முடிகிற பதிவையும் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். 2022-ல் வந்த மரபணு ஆய்வு, வலையில் சாவது நின்றால் மிச்சமிருப்பவை பெருக நல்ல வாய்ப்பு உண்டு என்றே சொல்கிறது.