4294967297: ஒரு பெரிய எண்ணை உடைப்பது எப்படி?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இது பகா எண்ணா? இல்லையென்றால் எதால் வகுபடும்? கால்குலேட்டரை எடுத்துக் கண்மூடித்தனமாக வகுக்க ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் சுலபமானவற்றைத் தள்ளிவிடுங்கள். கடைசி இலக்கம் 7, அதனால் 2, 5 இரண்டும் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 59, அதனால் 3 இல்லை. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் பார்த்துவிடலாம்: வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள், 297 − 967 + 294 − 4 = −380. 380 இந்த மூன்றில் எதாலும் வகுபடாது, ஆகவே நம் எண்ணும் வகுபடாது (7 × 11 × 13 = 1001 என்பதுதான் இதன் சூட்சுமம்).

இப்படியே போனால் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை போக வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன!

சரி, இப்போது எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். 65536-இன் வர்க்கத்தோடு 1 கூட்டினால் இது வரும்; 65536 என்பது 2-ஐ 16 முறை பெருக்கியது. 2-இலிருந்து தொடங்கி வர்க்கம் எடுத்துக்கொண்டே போய் (2, 4, 16, 256, 65536), ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும்; இதே வரிசையில் முன்னால் வரும் இவை எல்லாம் பகா எண்கள், அதனால் இதுவும் அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார். ஆயுதம் ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலேயே இருக்கிறது: ப என்ற பகா எண் நம் எண்ணை வகுத்தால், 2-இன் அடுக்குகளை ப-ஆல் வகுக்கும்போது கிடைக்கும் மீதிகள் சரியாக 64 படிக்கு ஒருமுறை திரும்ப வரும் (2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியதுதான் நம் எண், அதனால் அந்த அடுக்கின் மீதி −1; அதன் வர்க்கமான 64-ஆம் அடுக்கில்தான் மீதி 1), ஆனால் ப−1 படியிலும் அவை திரும்ப வந்தாக வேண்டும் என்கிறது தேற்றம், அப்படியானால் ப−1 என்பது 64-இன் மடங்கு. அந்த வடிவில் உள்ள பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641... 6542 எங்கே, இந்தச் சின்னப் பட்டியல் எங்கே!

சோதிக்கும்போது பத்து இலக்க எண்ணைத் தொடவே வேண்டாம், மீதியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கும் வகுக்காது. ஐந்தாவதைப் பாருங்கள்: 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. 154 × 154 = 23716. 641 × 37 = 23717. ஒன்றுதான் குறைகிறது, அந்த ஒன்றைத்தான் நம் எண் ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கிறது. வகுபட்டுவிட்டது! எனக்கு எண்கணிதத்தில் இதைவிட அழகான இடம் தெரியாது.

ஈவு 6700417. அப்புறம் இது பகா எண்ணா? இதன் காரணி நம் எண்ணுக்கும் காரணிதான், அதனால் அதே வடிவம்தான் செல்லும். இதன் வர்க்கமூலம் 2588-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 என்று ஏழே எண்களைப் பார்த்தால் போதும். எதாலும் வகுபடாது, ஆகவே 6700417 பகா எண்.