"எனக்கு எப்பவுமே அந்த வயசுதான் பிடிக்கும்"

ஐம்பதை நெருங்கும் நண்பர் ஒருவர் மறுமணத்துக்கு வரன் தேடினார். பெண்ணின் வயது என்ற கட்டத்தில் '28 முதல் 33' என்று நிரப்பியிருந்தார். "ஏன்யா?" என்றேன். "எனக்கு எப்பவுமே அந்த வயசுதான் பிடிக்கும்" என்றார்.

பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். அவர் பிளஸ் டூ படித்தபோது காலேஜுக்குப் போன எதிர்வீட்டு அக்காவைப் பார்ப்பதற்காகவே வாசலில் நின்றவர். பதின்வயதுப் பையன்களுக்குத் தங்களைவிடச் சற்று மூத்த பெண்களைப் பிடிப்பதை உளவியல் ஆய்வாளர்கள் 1990-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இருபதுகளில் சம வயது. அதற்கப்புறம் நம் வயது ஏறிக்கொண்டே போக, கண் மட்டும் பின்தங்கிவிடுகிறது. ஓகேகியூபிட் டேட்டிங் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர் 2014-ல் வெளியிட்ட கணக்கில், ஐம்பது வயது ஆண்களும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண்களுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

படத்துக்கு மார்க் போடுவது வேறு, கூட வாழ்வது வேறு. இதைக் குழப்பிக்கொள்வதுதான் நண்பர் செய்த தவறு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 1989-ல் வெளியிட்ட, 37 பண்பாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் கேட்ட ஆய்விலும் ஆண்கள் இளைய மனைவியைத்தான் விரும்பினார்கள். ஆனால் சராசரியாகக் கேட்ட இடைவெளி மூன்று வருஷம்கூட இல்லை. அழகைவிட அன்பான குணமும் அறிவும் பட்டியலில் மேலே இருந்தன. நண்பர் கேட்டதோ பதினைந்துக்கு மேல்!

இதைவிடப் பெரிய தவறு கல்யாணமானவர்கள் செய்வது. நாற்பதைத் தாண்டியதும் ஆசை குறைகிறது. உடனே "அவ முன்ன மாதிரி இல்ல" என்று மனைவி மேல் பழி. சார், உங்கள் சர்க்கரை அளவு என்ன? தொப்பை எவ்வளவு? ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முப்பதுகளிலிருந்தே மெல்லக் குறையும், தோராயமாக வருஷத்துக்கு ஒரு சதவீதம். அதோடு நீரிழிவு, தூக்கமின்மை, மனச்சோர்வு, சில பிரஷர் மாத்திரைகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆசை இருந்தும் விறைப்பு வரவில்லை என்றால் அது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடச் சிறியவை. அடைப்பு வந்தால் முதலில் அங்கேதான் தெரியும், நெஞ்சுவலி பிறகு வரலாம். மனைவியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு ஈசிஜி எடுத்துவிடலாம்.

ஆனால் பலர் போவது லாட்ஜ் வைத்தியரிடம். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று அழைப்பார்களே, அவர்கள்தான். மூலிகை என்று விற்கப்படும் இத்தகைய பொடிகள் சிலவற்றில் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபிலே கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

சிலர் நேரெதிர். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று அவர்களே முடிவு கட்டி ஒதுங்கிவிடுகிறார்கள். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நண்பர் இப்போது அந்தக் கட்டத்தை '38 முதல் 46' என்று மாற்றியிருக்கிறார். நிறம் கேட்கும் கட்டத்தில் 'சிவப்பு' இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த வாரம் சண்டை போடப்போகிறேன்.